கோழி கொத்தியது என்று சொன்னேன்

என்னைக் கடித்தது கோழி என்று முழுதாக ஒரு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். டாக்டரிடமும் அதையே மூன்று தடவை அடித்துச் சொன்னேன். அந்த ஒரு நாளையும் அதன் பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு நாட்களையும் நடந்தபடியே எழுதி வைக்கிறேன். வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்குப் பயன்படலாம்.

எண்பதுகளின் கடைசி அது. ஸ்ரீவில்லிபுத்தூரில், மம்சாபுரம் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் குடியிருந்தோம். எனக்கு ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. என் கணவர் அதே ஊரில் ஒரு லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆறு வயதில் ஒரு மகள். இவர்களோடு என் நாத்தனார் பேச்சியம்மாள். அவளைத் தளவாய்புரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் அடி பொறுக்க முடியாமல், மூன்று வருஷம் முன்பு ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றவள், அப்படியே இருந்துவிட்டாள்.

கோழிகள் அவளுடையவை. வந்த இரண்டாம் மாதமே இரண்டு பெட்டைக்கோழி வாங்கினாள். அது பதினாலாகப் பெருகியது. முட்டையைத் தெருவில் விற்பாள். அந்தக் காசில் வீட்டுக்கு எண்ணெயோ சோப்போ வாங்கி வந்து, யாரும் கேட்காமலேயே அடுப்படியில் வைத்துவிட்டுப் போவாள். அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று ஒருவர் வாயிலும் வந்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அவ்வளவு கவனம்.

கூடு பின்பக்கம் இருந்தது. பழைய தகரம், கம்பி வலை, மண் தரை. பக்கத்திலேயே குளியலறை கட்டுவதற்கென்று வாங்கிப்போட்டுக் கட்டாமல் விட்ட செங்கல் அடுக்கு. சிந்திக் கிடக்கும் குருணைக்கு எலி வரும். என் கணவருக்கு இதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"எலி வந்தா பொறவால பாம்பு வரும். ஒத்தப் பாம்பைக் கண்ணுல கண்டேன்னு வச்சுக்க, அம்புட்டுக் கோழியையும் அன்னைக்கே வித்துருவேன்" என்று தங்கையிடம் சொல்லியிருந்தார். ஒரு தடவையல்ல, பல தடவை.

அன்று சாயங்காலம் பேச்சி கடைக்குப் போயிருந்தாள். மகள் முட்டை வேண்டும் என்று அழுதாள். வீட்டில் முட்டை இல்லை. கூட்டுக்குள் நாலு செங்கல்லின் மேல் ஒரு கூடை வைத்து, வைக்கோல் பரப்பி, அதில் ஒரு கோழி அடையில் இருந்தது. இன்னொரு இளங்கோழி அதே இடத்தில் முட்டையிட்டுப் போகும் என்று தெரியும். கரண்ட் வேறு இல்லை. குனிந்து, கூடையின் ஓரத்தில் கையை விட்டுத் துழாவினேன். அடைக்கோழி உடம்பை உப்பிக்கொண்டு சீறியது. கரகரவென்று ஏதோ ஒரு சத்தம். சுருக்கென்று ஆட்காட்டி விரலில் குத்தியது. கோழியைத் திட்டிவிட்டுக் கையை எடுத்தேன். முட்டை கிடைத்திருந்தது.

விரலில் ஒரே ஒரு புள்ளி. கடுகளவு ரத்தம். எரிச்சல் இருந்தது.

பேச்சி வந்ததும், "என்ன மதினி விரல்ல?" என்றாள்.

"உன் கோழி கொத்திருச்சு."

விரலைப் பிடித்து சிம்னி விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். "கோழிதானா?"

"பொறவு என்ன, நானா கடிச்சுக்கிட்டேன்?"

அவள் சிரிக்கவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டாள். படுக்கப் போகும் முன் இரண்டு முறை வந்து, "வலிக்குதா மதினி?" என்று கேட்டாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் விரல் மட்டுமல்ல, புறங்கையும் வீங்கியிருந்தது. பல் தேய்த்தபோது ரத்தம் வந்தது. கொப்பளித்தேன், நிற்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் போகும்போது குதிகாலில் ஈரமாக இருந்தது. செருப்பு கடித்து, ஆறி ஒரு வாரமான கொப்புளம். அது திறந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வாய் முழுக்க இரும்புச் சுவை. பதினோரு மணி வாக்கில் எங்கள் சூப்பர்வைசர் அம்மா என் முன்னால் வந்து நின்றார்.

"டூட்டியில வெத்தலை போடக் கூடாதுன்னு தெரியாதா?"

"போடலையே மேடம்."

"வாயைக் கண்ணாடியில பாரு."

கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். பற்களின் இடுக்கெல்லாம் சிவப்பு. சிறுநீரும் சிவந்துதான் போனது. திரும்பி வந்து அதைச் சொன்னதும், திட்ட வந்த அதே அம்மாதான் பையை எடுத்துக்கொண்டு என்னோடு ரிக்‌ஷாவில் ஏறினார்.

அது இருபது கட்டில் உள்ள தனியார் ஆஸ்பத்திரி. காத்திருக்கும் இடத்தில் ஒரு நீள பெஞ்சு. என் பக்கத்தில் இருமல்காரர் ஒருவர். நான் கைக்குட்டையை வாயில் பொத்தி எடுப்பதைப் பார்த்துவிட்டு அவர்தான் நகர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர். அவசரப்படாத ஆள். ஈறைப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார், வீங்கிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னம்மா?"

"கோழி கொத்துச்சு சார்."

"பாம்பு ஏதும் இல்லையே?"

"இல்ல சார். கோழிதான். கையை எடுக்கும்போது அது மூஞ்சி எனக்கு நேரா இருந்துச்சு."

நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். அதைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் ஜன்னல் திண்டில் வைத்தார்கள். இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். நல்ல ரத்தமென்றால் தயிர் மாதிரி உறைந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாத சோதனை. ஸ்டெல்லா என்ற நர்ஸ் குழாயைச் சாய்த்தாள். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

டாக்டர் மறுபடி வந்து கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. பாம்பு?" மறுபடியும் கோழி என்றேன். சற்று நேரம் கழித்து மூன்றாவது தடவை கேட்டார். எனக்குக் கோபமே வந்தது. எது கொத்தியது என்று எனக்குத் தெரியாதா?

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று பிறகுதான் புரிந்தது. பாம்பு விஷத்துக்கு மாற்று மருந்து உண்டு. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. கடிபட்டவரை அது காப்பாற்றும். ஆனால் சில உடம்புகளுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். பாம்பே கடிக்கவில்லை என்று சாதிக்கிற ஒருத்திக்கு எந்த டாக்டரும் யோசிக்காமல் அதை ஏற்ற மாட்டார்.

கையில் கிரீஸோடு என் கணவர் பட்டறையிலிருந்து ஓடி வந்தார். டாக்டர் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் பேசினார். தணிந்த குரல்களைக் கேட்பதுதான் என் பிழைப்பு. எல்லாம் காதில் விழுந்தது. ரத்தத்திலேயே ஏதோ கோளாறு இருக்கலாம், புற்றுநோயாகக்கூட இருக்கலாம், இப்போதைக்குச் சொல்ல முடியாது, நாளைக் காலை மதுரைக்குக் கொண்டுபோய் எலும்புக்குள் ஊசி விட்டு மஜ்ஜை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்.

கேட்டபோது நான் அழவில்லை. மகளுக்கு இனி யார் தலை பின்னிவிடுவார்கள் என்று யோசித்தேன். பேச்சி பின்னுவாள், ஆனால் இறுக்கிப் பின்னுவாள், பிள்ளைக்கு வலிக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் மனம் போகவில்லை. ஸ்டெல்லா வந்து வாயில் பஞ்சு வைத்துவிட்டுப் போனாள். பஞ்சு நனைந்ததும் வேறு பஞ்சு வைத்தாள்.

நாலு மணிக்குப் பேச்சி, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ரசம் சாதத்தோடு வந்தாள். வாசலிலேயே அவளை நிறுத்தி என் கணவர் சொன்னார்: "நாளைக்கு மதுரைக்குப் போகணும். ரத்தத்துல ஏதோ கெட்ட வியாதியா இருக்குமோங்காரு."

அவள் டிபன் கேரியரைத் தரையில் வைத்தாள். என்னிடம் வரவில்லை. நேராக டாக்டர் அறையின் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், மதினியக் கடிச்சது கோழி இல்ல."

"நீ யாரும்மா?"

"கோழிக்காரி சார். அந்தக் கோழி எனக்குள்ளது."

"அப்ப எது கடிச்சது?"

"கடிச்சதைப் பாக்கல. மூணு நாளைக்கு முந்தி கூட்டுக்கிட்ட ஒண்ணப் பாத்தேன். ஒரு முழங்கூட இருக்காது. செங்கல் இடுக்குல கெடந்துச்சு. வெளக்குமாத்தால தட்டுனேன், ஓடல. சுருட்டிக்கிட்டு, ஒடம்ப ஒடம்போட தேச்சுச் சத்தம் போட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"மரத்துல ரம்பம் போடுத சத்தம் சார்."

நாற்காலி பின்னால் நகர்ந்த ஓசை கேட்டது. டாக்டர் அவளைத் தாண்டிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார்.

"ஏம்மா, கை விட்டப்ப ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

கேட்டது. கோழி இறகைச் சிலிர்ப்பதாக நினைத்திருந்தேன். ஒரு நாளைக்கு இருநூறு குரல்களைப் பிரித்தறிகிற எனக்கு, கோழியின் சீறலுக்கு அடியில் இருந்த அந்தக் கரகரப்பு வேறு என்று தோன்றவில்லை. ஆமாம் என்றேன்.

"சுருட்டை விரியன்" என்றார் டாக்டர். "கோழியும் கொத்தியிருக்கும். நான் இல்லைங்கல."

சுருட்டை விரியன் சின்னப் பாம்பு. கடித்தால் நாகம் மாதிரி உடனே மயக்கம் வராது. அதன் விஷம் ரத்தம் உறைவதற்கு வேண்டிய சத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிடும். அதன் பிறகு எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் ரத்தம் கசியும். ஈறில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். மூளையில் கசிந்தால் தெரியாது. அப்படிப்பட்ட உடம்போடு மதுரை வரை போய், எலும்பில் ஊசி குத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மருந்து சிறு புட்டிகளில் பொடியாக இருந்தது. தண்ணீர் மருந்தை ஊற்றி, நுரைக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். ஸ்டெல்லா ஒவ்வொன்றாக உருட்டிக் குளுக்கோஸ் பாட்டிலில் சேர்த்தாள். ஏற ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் உடம்பெல்லாம் அரித்தது. பிறகு குளிர் தூக்கிப் போட்டது, கட்டில் ஆடியது. தொண்டையை யாரோ உள்ளிருந்து இறுக்குகிற மாதிரி இருந்தது. மருந்தை நிறுத்தி வேறு ஊசிகள் போட்டார்கள். பேச்சி என் கால்கள் இரண்டையும் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் அடங்கியதும், மறுபடி மெதுவாக ஏற்றினார்கள்.

ஆறு மணி நேரம் கழித்து மறுபடி கண்ணாடிக் குழாய். உறையவில்லை. மறுபடி மருந்து. மறுநாள் விடிந்ததும் ஸ்டெல்லா குழாயைச் சாய்த்தாள். பிறகு தலைகீழாகவே கவிழ்த்துக் காட்டினாள். ரத்தம் நகரவில்லை. "பாத்தீங்களா அக்கா, அல்வா மாதிரி இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு வெகுநாள் என்னால் அல்வா சாப்பிட முடியவில்லை.

என் கணவர் அன்று காலை மண் படிந்த வேட்டியோடு வந்தார். விடிந்தும் விடியாமலும் வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்த்துக்கொண்டு, கடப்பாரையால் செங்கல்லை ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறார். கூடைக்கு அடியில் இருந்த நாலு செங்கல்லின் நடுவே அது இருந்ததாம். அடித்துப் போட்டுவிட்டு, கூட்டையும் பிரித்து எறிந்துவிட்டார். கோழிகளைப் பக்கத்து வீட்டு ராஜம்மா வாங்கிக்கொண்டாள். அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள், பெண்பிள்ளையை அம்மாயி என்பார்கள். பேச்சியிடம், "நான் பாத்துக்கிடுதேன் அம்மாயி" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

தங்கையிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம். "மதினி வீட்டுக்கு வரட்டும், நீ தளவாய்புரத்துக்குப் பொட்டியக் கட்டு."

பேச்சி சரி என்று தலையசைத்தாள். டம்ளரைக் கழுவப் போனாள்.

எனக்கும் அவள்மேல் கோபம்தான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் பாட்டுக்கு எல்லாம் செய்தாள். பிரஷ் வைக்கக் கூடாது என்பதால் உப்புத் தண்ணீர் ஆற்றித் தந்தாள். கஞ்சியைத் துணியில் வடிகட்டினாள். சிறுநீரகம் கெட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு தடவை போகும் சிறுநீரையும் அளக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு எழுத வராது. பாட்டிலின் கோட்டைப் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கம் கரியால் கோடு போட்டு வைத்தாள். நிறம் தெளிந்துவிட்டால் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுழி. மூன்றாம் நாள் அந்தத் தாளைப் பார்த்த டாக்டர், "இது யார் கணக்கு? நல்லாருக்கே" என்றார். அவள் கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அன்று மத்தியானம் வார்டில் ஆள் குறைவு. நானே ஆரம்பித்தேன்.

"பாம்பைப் பாத்தவ ஏன்டி சொல்லல?"

"அண்ணன் கோழிய வித்துருவாக."

"வித்தா என்ன?"

"கோழி இல்லேன்னா எனக்கு அங்க என்ன சோலி மதினி? எதைச் சொல்லிக்கிட்டு அந்த வீட்டுல இருக்க?"

அவளே தொடர்ந்தாள்.

"அன்னைக்கி விரலைப் பாத்தப்பவே பயமாத்தான் இருந்துச்சு. கோழிதான்னு நீங்க உறுதியாச் சொன்னீக. அதப் புடிச்சுக்கிட்டேன். சாமி, கோழியாவே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டே முழிச்சுக் கெடந்தேன். நீங்க அப்படிச் சீறிச் சொல்லாம இருந்திருந்தா..." நிறுத்திக்கொண்டாள். "இல்ல, உங்க மேல என்ன தப்பு. நாந்தான்."

அவளை மன்னித்தேன் என்று எழுதினால் பெரிய வார்த்தையாக இருக்கும். ஊசி குத்திய இடமெல்லாம் எனக்கு நீலமாகக் கன்றியிருந்தது. அதில் அவள் விரல் பட்டும் படாமலும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

ஏழாம் நாள் டிஸ்சார்ஜ். மருந்துக் கடை ரசீதுகளையெல்லாம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பேச்சி பாத்திரம் கழுவ வெளியே போயிருந்தாள்.

"சாயங்காலமே அவள பஸ் ஏத்திருவோம்" என்றார்.

"எதுக்கு?"

"எதுக்கா? ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருந்தா இம்புட்டும் வந்திருக்குமா?"

"முன்னாடி சொன்னா என்ன பண்ணுவேன்னு நீங்கதான சொல்லி வச்சிருந்தீக."

அவர் என்னைப் பார்த்தார்.

"கோழி போயிரும்னு தெரிஞ்சும், வீடு போயிரும்னு தெரிஞ்சும், அன்னைக்கு அவளாத்தான உள்ள போய்ச் சொன்னா? அவ வாயத் தொறக்கலேன்னா, நீங்க என்னய மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிருப்பீக. திரும்பி எப்படிக் கொண்டு வந்திருப்பீகன்னு நெனச்சுப் பாருங்க."

அவர் எழுந்தார். ஆட்டோ பிடிக்கப் போனார். வந்து நின்ற ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினோம். வழியில் பஸ் ஸ்டாண்டு வந்தது. நிற்கச் சொல்வாரோ என்று பேச்சி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆட்டோ நிற்காமல் போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகும் உடம்பு சும்மா விடவில்லை. ஒரு வாரத்தில் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்து, சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. குதிரை மருந்து சிலருக்கு இப்படிப் பின்னால் வந்து தொந்தரவு கொடுக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மாத்திரையில் சரியானது.

அண்ணனும் தங்கையும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. சோறு வைப்பாள், சாப்பிடுவார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் யாரிடமும் சொல்லாமல் செண்பகத்தோப்பிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். வனத்துறையில் வாட்சராக இருப்பவர். லேத் பட்டறையில் ஏதோ வேலைக்கு வந்தபோது பழக்கமாம். அவர் பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பூண்டு, பினாயில், கந்தகம் எதுவும் பாம்பைத் தடுக்காது. பாம்பு உங்களுக்காக வரல, எலிக்கு வருது. குருணையத் தரையில எறைக்காதீக. கூட்டை இடுப்பு உசரத்துல கால் வச்சு நிறுத்துங்க. எலி நுழையாத சின்னக் கண்ணு வலை போடுங்க. செங்கல், வெறகு எதுவும் பக்கத்துல கெடக்கப்பிடாது. லைட் அடிச்சுப் பாக்காம கைய விடாதீக. சாரையக் கண்டா விட்டுருங்க, அது எலியத் தின்னுட்டுப் போயிரும்."

பேச்சி கதவோரம் நின்று கேட்டாள். மறு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பட்டறையிலிருந்து நாலு இரும்புக் கால்களை வெல்டிங் வைத்து எடுத்து வந்தார். ராஜம்மா வீட்டிலிருந்து பதினோரு கோழிகள் திரும்பி வந்தன. மூன்றை அவர்கள் குழம்பு வைத்துவிட்டார்கள்.

நான் வேலைக்குத் திரும்பிச் சில மாதங்கள் போயிருக்கும். ஒரு மத்தியானம், எக்ஸ்சேஞ்ச் போர்டில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என்னைக் கேட்டு ஒரு கால் வந்தது. எங்கள் பஸ் நிறுத்தத்துக் கடை போன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. போன் பேசிப் பழக்கமில்லாதவர்கள் அப்படித்தான்.

"மதினி, நாந்தான் பேச்சி."

"என்னடி? பிள்ளைக்கு ஏதும்...?"

"பிள்ளை நல்லாருக்கா. பாம்பு."

"எங்க?"

"கூட்டுக்குக் கீழ. நீளம், ரெண்டு ஆள் கை நீட்டுனா இருக்கும். சாரைன்னுதான் நெனைக்கேன்."

"கிட்டப் போகாத. வீட்டுல அவுக இருக்காகளா?"

"இருக்காக. இன்னைக்குப் பட்டறை லீவு. அவுககிட்டதான் மொதல்ல சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

இன்னொரு லைனில் யாரோ காத்திருந்தார்கள். நான் போர்டில் எரியும் அந்த லைன் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோழிய ஒண்ணும் சொல்லல மதினி. நாற்காலி போட்டு உக்காந்து அதப் பாத்துக்கிட்டிருக்காக. 'மதினிக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிட்டு வா'ன்னாக. காசும் அவுகதான் குடுத்தாக."